தம்பி இருக்கிற ஊர்

அத்தியாயம் ஒன்பது

ஒரு நாள் சம்பளத்தை ஒரு கவரில் போட்டு, அதை மடித்துக் கைப்பையின் உள் ஜிப்புக்குள் வைத்துக்கொண்டுதான் அக்கா பஸ் ஏறியிருந்தாள். இன்னும் வாங்காத சம்பளம்; பணம் சேமிப்பிலிருந்து எடுத்தது. புது வேலையில் மாதம் என்ன கொடுப்பார்களோ அதில் வாடகையையும் மகள் பட்டாணியின் ஸ்கூல் ஃபீஸையும் கழித்து, மிச்சத்தை முப்பதால் வகுத்திருந்தாள்.

"இதுக்குள்ள இந்த ஏரியாவுல ஒரு நாள் வாழ முடியுதான்னு பார்க்கணும்டா. நானும் என் பொண்ணும்" என்று பஸ் ஸ்டாண்டிலேயே தம்பியிடம் கவரைக் காட்டினாள்.

"பட்டாணி வரலையே?"

"இன்னிக்கு நீதான் பட்டாணி."

ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் நின்ற பட்டாணி தலையைச் சொறிந்தான்.

அவனுக்கு வீட்டில் நெட்டை என்று பெயர். பத்தாவது படிக்கும்போது ஒரே வருடத்தில் வளர்ந்ததில் வந்த பெயர். லிஃப்ட் மெக்கானிக். இந்த நகரத்துக்கு வந்து எட்டு வருடமாகிறது.

அக்காவுக்கு முப்பத்தொன்பது வயது. பல் செட் செய்பவள். பதினாறு வருடம் ஒரே டாக்டரின் சின்ன லேபில் வேலை பார்த்தாள். வயதாகிவிட்டது என்று டாக்டர் லேபை மூடிவிட, இந்த நகரத்தில் ஒரு பெரிய லேபில் வேலை கிடைத்தது. விவாகரத்தான இந்த மூன்று வருடங்களில் அம்மா வீட்டு வாசலைத் தாண்டி அவள் எடுத்த முதல் பெரிய முடிவு இது.

அம்மா உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "தம்பி இருக்கிற ஊர்தானே, போயிட்டு வா" என்றாள். பதினாலு வயதுப் பட்டாணியோ, "என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். ஒன்பது நாளாக அக்காவோடு பேச்சில்லை.

போனிலேயே ஒரு ஃபிளாட் பேசி வைத்திருந்தாள். இன்று மாலை ஐந்து மணி வரைதான் அதை அக்காவுக்காக வைத்திருப்பதாக வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். அதற்குள் ஏரியாவைச் சுற்றிப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

"சரி, முதல்ல காய்கறிக் கடையைக் காட்டு" என்றாள் அக்கா.

நெட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான்.

"என்னடா?"

"இல்ல... அந்தப் பச்சைக் கட்டடம் இருக்கே, அதுல ரெண்டு லிஃப்ட். இடது பக்கத்து லிஃப்டுக்குப் பொறுமை ஜாஸ்தி. வலது பக்கம் கொஞ்சம் கோவக்காரன்."

"கோவக்காரன்கிட்ட கத்திரிக்காய் கிடைக்குமா?"

"எனக்கு எங்கக்கா தெரியும்? நான் கம்பெனி கேன்டீன்ல சாப்பிடறவன்."

எட்டு வருடமாக இந்த ஏரியாவில் வேலை செய்தவனுக்கு ஒவ்வொரு கட்டடத்தின் மொட்டைமாடியும் மோட்டார் அறையும் அத்துப்படி. தெருவில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. வேனில் வந்து இறங்குவான், மேலே போவான், கீழே வருவான், வேனில் ஏறிவிடுவான்.

"ஊரை நெட்டுக்குத்தா மட்டும் தெரிஞ்சு வச்சிருக்க" என்றாள் அக்கா. "வா, நான் காட்டறேன் உன் ஊரை."

காய்கறிக் கடையைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிடம் ஆனது. பை நிறையக் கீரையோடு எதிரே வந்த ஒரு பெண்ணை நிறுத்தி, "இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள், அவ்வளவுதான். அந்தப் பெண் கடையைச் சொன்னதோடு நிற்காமல், எந்தக் கடையில் எடை குறையும், எந்த பேக்கரியில் முந்தின நாள் ரொட்டியை மத்தியானம் பாதி விலைக்குத் தருவார்கள், எந்தப் பல்லுக்கு எந்த டாக்டர் என்பது வரைக்கும் சொல்லிவிட்டுப் போனாள்.

"உனக்கு முன்னபின்ன தெரியாதவங்கக்கா அவங்க!"

"இப்போ தெரியுமே."

பேக்கரி, சொன்ன இடத்தில் இருந்தது. பாதி விலை ரொட்டியும் இரண்டு முட்டையும் வாங்கி, ஒரு டீக்கடையில் முட்டையை மட்டும் ஆம்லெட் போட்டுத் தரச் சொன்னாள். அடுப்புக் கூலி மாதிரி ஏதோ சின்னதாகக் கொடுத்தால் போதும் என்று டீக்கடைக்காரர் ஒத்துக்கொண்டார். நெட்டை வெட்கத்தில் தன் உயரத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றான். ஆம்லெட் வந்ததும் முதல் வாய் அவன்தான் எடுத்தான்.

நூலகத்தில் காற்றாடிக்குக் கீழே நாற்காலி இலவசம். பட்டாணி வயதுப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த மேசையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"அக்கா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் நெட்டை மெதுவாக.

"சொல்லு."

அவள் திரும்பிய வேகத்தையும் அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தையும் பார்த்ததும் அவனுக்கு வார்த்தை மாறிவிட்டது.

"தாகமா இருக்கு."

"இதுக்கு ஒரு முன்னுரையா? தண்ணி வாசல்ல இருக்கு, போய்க் குடி."

மூன்று மணி இருக்கும். வெயில் தாழ ஆரம்பித்திருந்தது. ஃபிளாட் இருக்கும் தெருவை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மூலையில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்று. அதன் வாசலில் நின்ற வாட்ச்மேன் நெட்டையைக் கண்டதும் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார்.

"சார்! தெய்வம் மாதிரி வந்தீங்க! லிஃப்ட் நின்னுடுச்சு. உள்ள அஞ்சாவது மாடிப் பெரியவர். இப்பதான் உங்க ஆஃபீசுக்குப் போன் போட்டேன், வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகும்ங்கறாங்க."

நெட்டைக்கு அன்று லீவு. ஆனால் அவன் சாவிக்கொத்தில் லிஃப்ட் கதவைத் திறக்கும் சாவி எப்போதும் தொங்கும். அக்காவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் படியேறினான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. மூன்றாவது மாடிக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு, தரை வரை நீண்ட ஒரு கண்ணாடி. அதன் மேல் ஓரத்தில் லிஃப்டின் அடிப்பாகம் தெரிந்தது. உள்ளேயிருந்து யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நெட்டை கதவில் முகத்தை ஒட்டவைத்தான். "ஐயா, நான் லிஃப்ட் மெக்கானிக் பேசறேன். பயப்படாதீங்க. லிஃப்ட் விழாது. அதுக்கு வழியே கிடையாது. நல்லா மூச்சு விடுங்க. கீழ உக்காந்துக்குங்க. அஞ்சு நிமிஷம் எனக்குக் குடுங்க, நான் உங்களை இறக்கிடறேன்."

அக்கா அசந்துபோனாள். வீட்டில் எதைப் பேசினாலும் பாதியில் விழுங்குகிறவன். இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

தட்டல் நிற்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு குழறல் வந்தது. "ஹண்ணி... அவுப்புல ஹண்ணி!"

"தண்ணி கேக்கறார்" என்றார் வாட்ச்மேன்.

"ஐயா, வெளிய வந்ததும் தண்ணி தரோம்!" என்று நெட்டை கத்தினான்.

"இல்ல... அவுப்புல! ஹண்ணி! ஹிறந்து ஹான் இருக்கு!"

"பக்கவாதம் ஏதாவது வந்துடுச்சா?" வாட்ச்மேனின் முகம் வெளுத்தது.

"தள்ளுடா" என்று தம்பியை விலக்கிக்கொண்டு அக்கா கதவருகே வந்தாள். பதினாறு வருடம் பல் இல்லாதவர்களின் பேச்சைக் கேட்டே பழகிய காது. "ஐயா, பல் செட்டு போடலையா நீங்க?"

"ஆமா!"

"அதான். 'த' வராது, காத்துதான் வரும்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்துக் கேட்டாள். "அடுப்புல தண்ணி வச்சிருக்கீங்க. கதவு திறந்துதான் இருக்கு. சரியா?"

"ஆமா, ஆமா!" உள்ளே அழுகை மாதிரி ஒரு சத்தம்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் வாட்ச்மேன் ஐந்தாவது மாடிக்குப் பறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. "அணைச்சுட்டேன்! பாத்திரம் அடியோட கருகிப்போச்சு! பக்கத்துலயே ஸ்டூல் மேல பேப்பர் கட்டு!"

தம்பியும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நான் மோட்டார் ரூமுக்குப் போறேன். கரன்ட்டை நிறுத்திட்டு, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால சுத்தினா லிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். இங்க தரையும் லிஃப்ட் தரையும் ஒண்ணா வர்ற இடத்துல நிறுத்தணும். மேல இருந்து எனக்குத் தெரியாது. நீ இந்தக் கண்ணாடில பார்த்துச் சொல்றியா?"

"போடா, போ. நான் சொல்றேன்."

போனைக் காதில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். ஒரு கையால் கதவைத் தடவிக்கொண்டே பெரியவரிடமும் பேசினாள். அடுப்பு அணைந்துவிட்டது என்று சொன்னதுமே தட்டல் நின்றிருந்தது. லிஃப்டின் அடிப்பாகம் கண்ணாடியில் மெல்ல இறங்கிற்று.

"வருதுடா... வருது... இன்னும் ஒரு முழம்."

"அக்கா, முழம்லாம் வேண்டாம். விரல் கணக்குல சொல்லு."

"நாலு விரல்... மூணு... ரெண்டு... நில்லு!"

நின்றது. மேலேயிருந்து இறங்கி வந்து நெட்டை கதவைத் திறந்தபோது இரண்டு தரையும் ஒரே தரை மாதிரி இருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தார். பெண் ஒருத்தி நிற்பதைக் கண்டதும் சட்டென்று வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். தபால் எடுக்க ஒரு நிமிடம் கீழே போய் வரலாம் என்று கிளம்பியவர், அந்த ஒரு நிமிடத்துக்கு எதற்குப் பல் என்று விட்டுவிட்டாராம்.

"கீழ் செட்டு இடிக்குதா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் கண்களை அகல விரித்து இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு ஓரத்தைத் தேய்ச்சுவிட்டா சரியாப்போயிடும். அஞ்சு நிமிஷ வேலை. இதுக்காகப் பல்லைக் கழட்டி வைக்கலாமா?"

பெரியவர் இரண்டு பேரின் கைகளையும் மாறி மாறிப் பிடித்துக் குலுக்கினார். வாட்ச்மேனுக்கும் நெகிழ்ந்துவிட்டது. அந்த நெகிழ்ச்சியில்தான் அதைச் சொன்னார்.

"அடுத்த மாசம் நீங்க கடல் தாண்டிப் போயிட்டா நாங்க யாரைக் கூப்பிடறது சார்? உங்க ஆஃபீஸ்ல சொன்னாங்க. ரெண்டு வருஷமாமே?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

அக்கா விறுவிறுவென்று தெருமுனை வரை நடந்தாள். அங்கே ஒரு சின்னப் பூங்கா. அக்கா முதலில் கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"உக்காரு. அண்ணாந்து பார்த்துத் திட்டினா எனக்குக் கழுத்து வலிக்கும்."

உட்கார்ந்தான்.

"எப்போ முடிவாச்சு?"

"போன வாரம் திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டேன். பெரிய டவருக்கான லிஃப்ட்டுக்கா, எங்க கம்பெனில மூணு பேரைத்தான் எடுத்திருக்காங்க. உன்கிட்ட சொல்லலாம்னு போனை எடுத்து எடுத்து வச்சேன். வியாழக்கிழமை நீயே கூப்பிட்டு, வேலை கிடைச்சிடுச்சுன்னு அழுத. எத்தனை வருஷம் ஆச்சு நீ சந்தோஷத்துல அழுது! அப்போ போய் எப்படிச் சொல்லுவேன்?"

"அதுக்கப்புறம் எத்தனை நாள் இருந்துச்சு?"

"இருந்துச்சு." அவன் குரல் உள்ளே போனது. "நான் போறது தெரிஞ்சா அம்மா உன்னை விடமாட்டா. நீயும் சரின்னு அங்கேயே உக்காந்துடுவ. உனக்கு இந்த வேலை வேணும்க்கா. அதான் நீ இங்க வந்து சேர்ந்தப்புறம் சொல்லலாம்னு... தப்புதான். நான் ரத்து பண்ணிடறேன். நாளைக்கே சொல்லிடறேன்."

"பண்ணிப் பாரு. முன்பல் ரெண்டையும் உடைச்சிடுவேன். அப்புறம் செட்டும் நானே செஞ்சு மாட்டிவிடுவேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமும் குறையவில்லை.

"எனக்கு நீ சொல்லாததுதான்டா வலிக்குது. போறது இல்ல. காலைலேர்ந்து உன்கூட நடக்கறேன். ஒவ்வொரு கடையா, ஞாயித்துக்கிழமை இவன் வந்தா இது வாங்கலாம், அது சமைக்கலாம்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன். நீ பக்கத்துல தலையை ஆட்டிக்கிட்டே வந்த. பைத்தியக்காரி மாதிரி இருக்கு எனக்கு."

"அக்கா..."

"பேசாத கொஞ்ச நேரம்."

பூங்காவில் யாரோ ஒருவர் செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அக்கா கைப்பையைத் திறந்து, கவரில் மிச்சமிருந்த பணத்தை எண்ணிவிட்டு மூடினாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். ரொட்டியில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை அவன் கையில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து சண்டைக்குப் பிறகு அவள் செய்கிற சமாதானம் அவ்வளவுதான்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. உன்னை நம்பி நான் கிளம்பலைடா. உன்னை சாக்கா வச்சுக் கிளம்பினேன். 'தம்பி இருக்கான், தம்பி இருக்கான்'னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எனக்கே போகணும்னு ஆசையா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்ல வரலை."

"இப்போ?"

"மணி என்ன?"

"நாலே கால்."

"எழுந்திரு. வீட்டைப் பார்க்கணும்."

ஃபிளாட் மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

"என்னக்கா இது, எனக்கு அவமானமா இருக்கு" என்று மூச்சு வாங்கிக்கொண்டே ஏறினான் நெட்டை.

அக்கா குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பார்த்தாள். குளியலறையில் ஒரு குவளை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாள். சுவரில் கை வைத்து ஈரம் பார்த்தாள். தாழ்ப்பாளைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டாள். வீட்டுக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உங்க தம்பி பக்கத்துலதான இருக்கார்? ஏதாவதுன்னா அவர்கிட்டப் பேசலாம்ல?"

நெட்டை வாயைத் திறந்தான். அக்கா முந்திக்கொண்டாள்.

"அவன் அடுத்த மாசம் வெளிநாடு போறான். இங்க நானும் என் பொண்ணும்தான். எதுவா இருந்தாலும் என்கிட்டப் பேசுங்க."

வீட்டுக்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ரசீதுப் புத்தகத்தைப் பிரித்தாள். "அப்போ ரசீதை உங்க பேர்லயே போட்டுடறேன்."

அக்கா தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். எழுதியதைச் சரிபார்த்துவிட்டு அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுத்தாள்.

கீழே வாசலுக்கு வந்து நின்றதும் போன் அடித்தது. அம்மா.

"எடுக்காதக்கா. ராத்திரி நான் பேசிச் சமாளிக்கறேன்."

"நீ சமாளிச்ச வரைக்கும் போதும்" என்று சொல்லிவிட்டு அவள் எடுத்தாள். "அம்மா, வீடு முடிவாயிடுச்சு. அட்வான்ஸ் குடுத்துட்டேன். இன்னொண்ணு. தம்பிக்கு வெளிநாட்டுல வேலை. அடுத்த மாசம் கிளம்பறான். ரெண்டு வருஷம். அவன் இல்லாமதான் நான் இங்க இருக்கப் போறேன்."

நெட்டை குனிந்து போனில் காதை வைத்தான்.

"உனக்குப் பயமா இல்லையா?" என்றாள் அம்மா.

"பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வரணும்மா. எனக்கே வரணும்."

அம்மா நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "அவன்கிட்ட நான் தனியாப் பேசிக்கறேன். ஒளிச்சு வச்சிருக்கான் பாரு, படவா" என்றாள். அதற்குமேல் என்ன சொல்லியிருப்பாளோ, அங்கே ஏதோ இழுபறி. "இருடி... பிடுங்காத... தரேன் இரு!"

அப்புறம் ஒரு சின்னக் குரல், வேண்டுமென்றே கடுமையாக்கிக்கொண்டு.

"நான் உன்கூடப் பேசறேன்னு நெனச்சுக்காத. ஒரே ஒரு கேள்வி கேக்கறேன், அவ்வளவுதான்."

ஒன்பது நாளுக்குப் பிறகு கேட்கிற குரல். அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"கேளும்மா."

"அந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல்?"

அக்கா விழித்தாள். குழாயைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தாழ்ப்பாளைக்கூட மூன்று தடவை பார்த்தாள். ஜன்னலை எண்ணவில்லை. தம்பியைப் பார்த்தாள். அவனும் கையை விரித்தான்.

"வச்சுடாத. லைன்லயே இரு. எண்ணிச் சொல்றேன்."

புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முப்பத்தொன்பது வயதுக்காரி இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். "அக்கா, மெதுவா!" என்று பின்னால் நெட்டை இரைத்துக்கொண்டு வந்தான். முதல் மாடி போனது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"சீக்கிரம்" என்றது போன். "இன்னொரு கேள்வியும் இருக்கு."

"ஒண்ணுதான்னு சொன்ன?"

"அது உனக்கு இல்ல. மாமாவுக்கு."

நெட்டையின் கால் படியிலேயே நின்றுவிட்டது. அக்கா திரும்பி, சிரித்தபடி போனை அவன் கையில் திணித்துவிட்டு, ஜன்னல்களை எண்ண மேலே ஓடினாள்.